இஞ்சின் கிணறு

மலர்,

ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டாய். நானும் திரும்பக் கூப்பிடவில்லை. போனில் நாம் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடுவதில்லை. எழுதினால் நீ கடைசி வரை படித்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்பிவிட்டு ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். மலர் என்பது உன் பெயரில்லை என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு இந்தப் பெயரே போதும். ஊர்ப் பெயரையும், நீ வேலை செய்கிற கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது உன் வேலை போவதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பா இரண்டு நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டு என் பின்னால் சுற்றுகிறார்.

நம் ஸ்டேஷனில் மறுபடியும் கூட்ஸ் வரப்போகிறது என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உர மூட்டை வந்து இறங்கும், மக்காச்சோளம் ஏறிப் போகும், கிடங்கு கட்டுவார்கள், லாரி வர அகலமாகச் சிமெண்ட் ரோடு போடுவார்கள், அந்த வேலைக்கு நீதான் சைட் இஞ்சினியர் என்றாய். உன் அப்பா மூட்டை தூக்கிய இடத்தில் நீ தலையில் ஹெல்மெட்டோடு நிற்பாய் என்று அஞ்சலைப் பெரியம்மா காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம்தான் ஸ்டேஷன் பக்கத்துக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். லாரி திரும்புகிற இடத்தில் வருகிறது, அடுத்த மாதம் மண்ணடித்து மூடிவிடுவோம் என்றாய். நீயே சமாதானமும் சொன்னாய்.

"அது பாழுங்கிணறு தானேம்மா."

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும் என்றாய். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். "இது என் மொத வேலம்மா, ஆரம்பிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் ஆரம்பிக்கவில்லை. இது எப்போதோ ஆரம்பித்தது. உனக்கு நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உன்னை ஆறு வயதில் ஹாஸ்டலில் சேர்த்தேன். லீவுக்கு வருகிறபோது உன் இடுப்பில் ஒரு குடம் வைக்க நான் விட்டதில்லை. கிணற்றுப் பக்கம் போனால் அடித்திருக்கிறேன். விழுந்துவிடுவாய் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், ஒரு பெண்ணை ஒரு முறை குடம் தூக்க விட்டால் அப்புறம் யாரும் அவளிடமிருந்து அதை வாங்க மாட்டார்கள். நீ வளர்ந்த பிறகு வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன், நீ வருகிற நாட்களுக்கு மட்டும். அதனால் நீ பார்த்தது கேனை. மற்ற நாட்களில் நாங்கள் என்ன குடிக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கிணற்றை மனிதர்களுக்காக யாரும் தோண்டவில்லை. அது கரி இஞ்சினுக்காகத் தோண்டியது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் சின்ன ரயில் ஓடிய காலம். கூட்ஸ் வண்டி திருக்கோவிலூர் தாண்டி இங்கே வருவதற்குள் இஞ்சினுக்குத் தண்ணீர் குறைந்துவிடும். அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே நல்ல ஊற்றுப் பார்த்து, வட்டமாகக் கல் கட்டி, பக்கத்தில் பம்பு ரூம், மேலே இரும்புத் தொட்டி எல்லாம் வைத்தார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய குழாய் நிற்கும். அதன் கை இஞ்சின் பக்கம் திரும்பும். நாங்கள் அதைத் தும்பிக்கை என்போம். தோண்டியது காலனி ஆட்கள்தான். ஆனால் ஊர்க் கிணற்றில் அந்த ஆட்களின் வாளி இறங்கக் கூடாது. இஞ்சினுக்கு ஊற்றுத் தண்ணீர், அதைத் தோண்டியவனுக்கு ஏரிச் சேறு. இதுதான் ஏற்பாடு.

இஞ்சின் வந்து நின்றதும் ஃபயர்மேன் மேலே ஏறித் தும்பிக்கையை இழுத்து வைப்பான். இஞ்சினின் தொட்டி நிரம்பி வழிந்த பிறகு மூடித் திருப்பிவிடுவான். குழாயில் மிச்சம் நிற்கிற தண்ணீர் அப்படியே கீழே கல் வாய்க்காலில் கொட்டும். அந்த மிச்சம்தான் காலனிக்குக் குடிநீர். பெண்கள் கரித்தூளில் செருப்பில்லாமல் நிற்போம். சில நேரம் அதற்குள் கங்கு கிடக்கும், காலைச் சுட்டுவிடும். பம்பு ரூமில் இருந்தவர் மாணிக்கம், விழுப்புரத்துக்காரர். "மொதல்ல இஞ்சினு, அப்பறம்தான் நீங்கோ" என்று கத்துவார். கத்திவிட்டு, இஞ்சின் குடித்து முடித்த பிறகும் பம்பை நிறுத்தாமல் பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். குடங்கள் நிரம்பிய பிறகுதான் அவருக்குப் பம்பு நினைவுக்கு வரும். அப்படி ஒரு மறதி.

ஊரில் எங்களுக்கு அதற்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். இஞ்சின் எச்சில் குடிக்கிறவர்கள். ஒரு நாள் நானும் உன் பெரியம்மா அஞ்சலை அக்காவும் கரும்புக்குக் களை எடுக்கப் போயிருந்தோம். நிலத்துக்காரர் வீட்டு அம்மா வரப்பில் நின்றுகொண்டு, "இன்னாடி, இன்னிக்கி இஞ்சினு குடிச்சிட்டு மிச்சம் கிச்சம் வெச்சுதா?" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா நிமிரவில்லை, களைக்கொத்தும் நிற்கவில்லை.

"வெச்சுதுங்க. நீ யாரு ஊட்டுப் பொண்ணுன்னு கேக்காமலே வெச்சுதுங்க."

அடுத்த நாள் எங்கள் இரண்டு பேருக்கும் களை வேலை இல்லை.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதுகிறவர்களுக்கு மூட்டை தூக்கிப் பழக்கமில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து சர்க்கரை மூட்டை லாரியில் வரும், உன் அப்பா அதை முதுகில் வாங்கிக் கூட்ஸ் பெட்டிக்குள் அடுக்குவார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வரும். அந்த லாரியில் மூட்டை மேலேயே மலைக்காரர்கள் உட்கார்ந்து வருவார்கள். இறக்குவதும் அவர்கள்தான், ஆனால் இறக்கியதற்குக் கூலி கேட்டால் வியாபாரிக்குக் கோபம் வரும். கடுக்காய் காட்பாடி வழியாகத் தோல் பதனிடுகிற ஊர்களுக்குப் போகும். மலைக்காரர்கள் மலைக்குத் திரும்புவார்கள். அவர்களும் தும்பிக்கைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஒரு முறை, இரண்டு பெட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு காலனி ஆள் ஒருவருக்குக் கால் போனது. மூட்டை ஏற்ற ஆள் வைத்திருந்த குத்தகைக்காரன், அவன் என்னிடம் வேலையே செய்யவில்லை, சும்மா தண்டவாளத்தைத் தாண்டியவன் என்று சொல்லிவிட்டான். ரயில்வே குத்தகைக்காரனைக் கை காட்டியது. நீ இப்போது அதே மாதிரி ஒரு கம்பெனியில் இருக்கிறாய். உன் சைட்டில் மூட்டை தூக்குகிறவன் யாருடைய ஆள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். அடிபட்ட பிறகு கேட்டால் அவன் யாருடைய ஆளும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி நான் இந்தக் காலனிக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். என் ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம், உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே இருந்தது. புதுப்பெண் நேராக வீட்டுக்குள் போகக் கூடாது. இஞ்சின் வந்து நிற்க வேண்டும், தும்பிக்கையில் அவள் முதல் குடம் பிடிக்க வேண்டும், அந்தக் குடத்தோடுதான் வாசற்படி ஏற வேண்டும். கூட்ஸ் மதியம் வரும் என்றார்கள். நான் பட்டுப்புடவையில், கழுத்தில் மாலையோடு, புதுக் குடத்தை வைத்துக்கொண்டு கூட்ஸ் ஷெட் படியில் உட்கார்ந்தேன். கூட்ஸ் வரவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடிந்தது, மேளக்காரர்கள் போய்விட்டார்கள், மாலையில் பூ வாடிக் கொட்ட ஆரம்பித்தது. மாணிக்கம் வந்து திருக்கோவிலூர்ப் பக்கம் எங்கோ இஞ்சின் பழுதாகி நிற்கிறது என்று சொன்னார். கொஞ்சம் பம்பு போட்டு விடட்டுமா என்று கேட்டார். உன் அப்பா வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இஞ்சின் குடிக்காமல் நாம் எப்படிக் குடிப்பது என்றார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம். இவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காத ஊரை ஒரு வார்த்தை கேட்காமல் இஞ்சினுக்கு மரியாதை செய்கிறார்களே என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். "இன்னாமே செய்யச் சொல்ற, எங்களுக்குத் தண்ணி குடுத்தது அது ஒண்ணுதானே" என்றார். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். பொழுது சாய்கிற நேரத்துக்கு இஞ்சின் வந்தது. ஃபயர்மேன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என் குடம் நிரம்பித் தலையில் தெளிக்கிற அளவுக்குத் திறந்துவிட்டான். முகமெல்லாம் கரியோடு வீட்டுக்குள் போனேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச வருஷத்தில் டீசல் வந்தது. புது இஞ்சின், பெரிய இஞ்சின், நாற்பது பெட்டியைத் தனியாக இழுக்கும் என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். காலனியில் எல்லாருக்கும் ஒரே கணக்கு: பெரிய இஞ்சின் என்றால் ஜாஸ்தி குடிக்கும், ஜாஸ்தி குடித்தால் மிச்சமும் ஜாஸ்தி. மாணிக்கத்துக்கும் அதே நம்பிக்கைதான் இருந்திருக்கும், இல்லையென்றால் அவர் தும்பிக்கைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்க மாட்டார். புது இஞ்சின் வருகிற நாளில் மாவிலை கட்டினோம். நான் வீட்டிலிருந்த இரண்டு குடம் போதாதென்று அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனேன். உன் அப்பா தண்டவாளத்தில் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். இஞ்சின் வந்து நின்றது. புகையில்லை, கரியில்லை. மாணிக்கம் தும்பிக்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, எங்கே ஊற்றுவது என்று அதன் மேலே வாய் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். வரிசையாகக் குடங்களோடு நின்ற எங்களைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான், சிரிக்கவில்லை.

"இதுக்குத் தண்ணி வாணாம்மா. எண்ணெய்லயே ஓடும்."

ஊதிவிட்டுப் போய்விட்டது. பூசணிக்காய்த் துண்டு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போனது. அஞ்சலை அக்கா மட்டும்தான் வாய் திறந்தாள். "நல்லா சுத்திப் போட்டீங்கோ. நம்ம வாயிக்கே சுத்திக்கினோம்" என்றாள். உன் அப்பா இன்றைக்கும் அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கரி இஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாணிக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கிணற்றின் மேல் இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டினார்கள். யாரும் உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று பாதுகாப்பாம். நாட்டுக்கு அது முன்னேற்றம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முன்னேற்றத்தைத் திட்டம் போட்டவர்களில் ஒருவருக்காவது, இஞ்சினுக்குப் பின்னால் ஒரு காலனி தண்ணீருக்கு நிற்கிறது என்று தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள யாரும் வரவும் இல்லை. தண்டவாளத்தின் மேல் நின்று பார்த்தால் நாங்கள் தெரிவோம். அவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தக் கோடையில் நாங்கள் ஊர்க் கிணற்றுக்குப் போனோம். இறைக்க விடவில்லை. தள்ளி நில்லு, நாங்க ஊத்துறோம் என்றார்கள். ஊர்ப் பெண்கள் தங்கள் வேலை முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, துணி அலசி, அப்புறம் மனசு வந்தால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நிரம்பிய பிறகு வந்து எடுக்க வேண்டும். நான் ஒரு வாரம் போனேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பாதிக் குடம் ஊற்றிவிட்டுப் போதும் போ என்றாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். நான் அந்தப் பாதிக் குடத்தைக் கிணற்றுப் படியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். வீட்டில் உன் அப்பாவின் மூட்டைக் கொக்கி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டாள். பட்டப்பகலில், ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், பூட்டை நெம்பி எடுத்தோம். உன் அப்பா ஓடி வந்தார். ரயில்வே சொத்து, ஜெயிலில் போடுவார்கள் என்றார். அக்கா வாளியை உள்ளே இறக்கிக்கொண்டே, "ஜெயில்ல தண்ணியாவது குடுப்பானுங்க, போயா" என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார், பார்த்தார், உள்ளே போனார். மறுபடியும் யாரும் பூட்டு போடவில்லை.

அன்றிலிருந்து அது எங்கள் கிணறு. எந்தக் காகிதத்திலும் அப்படி இல்லை.

மற்றதெல்லாம் போய்விட்டது, நீயே பார்த்தாய். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று சரக்கு வாங்குவதை ரயில்வே நிறுத்தியது. முழு வண்டி நிறைய இருந்தால்தான் ஏற்றுவோம் என்றார்கள். சின்ன ஸ்டேஷனில் முழு வண்டிக்குச் சரக்கு எங்கே வரும்? சர்க்கரை லாரியில் போனது. மலையில் மரவள்ளி போட்டார்கள். கிழங்கு நேராக ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. மலைக்காரர்கள் கேரளத்துக்குத் தோட்ட வேலைக்குப் போகிறார்கள், நம் ஆண்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அகலப் பாதை போடும்போது தும்பிக்கையை அறுத்துப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்ஸ் ஷெட்டின் கூரை விழுந்தது. கிணறு மட்டும் இருக்கிறது. ஊருக்கு மேல்நிலைத் தொட்டி வந்தது, காலனிக்கும் குழாய் போட்டார்கள். அந்தக் குழாய்க்கு நாங்கள் கடைசி முனை. ஊரில் ஆளுக்கொரு மோட்டார் வைத்து உறிஞ்சிய பிறகு எங்கள் பக்கம் காற்றுதான் வரும். கோடையில் அதுவும் வராது. அப்போதெல்லாம் காலனி குடிப்பது, சமைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் நீ பாழ் என்று சொன்ன கிணற்றில்தான். இப்போதும் வருகிற மருமகள்கள் முதல் குடத்தை அங்கேதான் இறைக்கிறார்கள். இஞ்சின் இல்லை, வழக்கம் நிற்கவில்லை.

உன் கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்க்க வந்தபோது மதியம் வெயிலில் வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் இறைக்க மாட்டோம். மேலே புல், பக்கத்தில் இடிந்த பம்பு ரூம். பாழ் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நீ இந்தக் காலனிப் பெண். நீயும் அவர்கள் சொன்னதையே என்னிடம் சொன்னாய். அதுதான் எனக்கு உறைத்தது. உன்னைக் குடம் தூக்க விடாமல் வளர்த்ததற்கு இது பலனென்றால், பரவாயில்லை, மறுபடியும் அப்படித்தான் வளர்ப்பேன். ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

உன் அப்பா சொல்வதையும் எழுதிவிடுகிறேன், அவருக்கு அநியாயம் செய்யக் கூடாது. "நம்ம வூட்ல மொத மொதலா ஒரு பொண்ணு சம்பளம் வாங்குது. கெணறு போனா வேற கெணறு. அவ வேல போனா யாரு தருவா?" என்கிறார். மூட்டை தூக்கிய அவர் தோளால் இப்போது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. அந்தத் தோளோடுதான் அவர் இதைச் சொல்கிறார். ஆனால் வேறு கிணறு என்று அவர் சொல்வது ஊர்க் கிணற்றை. அங்கே நான் மறுபடியும் போய்க் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க மாட்டேன். இப்போது ஊற்ற மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் செய்ய எத்தனையோ வழி இருக்கிறது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் கூடிப் பேசும்போது, அந்தக் கிணற்றில் ஜனங்கள் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல். உன் அம்மா எடுக்கிறாள் என்று சொல்ல வேண்டாம், ஜனங்கள் என்று சொன்னால் போதும். லாரி ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேள். முடியாது என்றால், தண்ணீருக்கு என்ன வழி, அது கிணற்றை மூடுவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேள். டேங்க் கட்டித் தருகிறோம் என்பார்கள். கட்டி, தண்ணீர் வந்த பிறகு மூடச் சொல். இதைக் கேட்டதற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்கு வா, உனக்குச் சோறு போட எனக்குச் சத்துணவு வேலை இருக்கிறது. கேட்காமலே இருந்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டாலும் நான் உன்னைத் திட்ட மாட்டேன். உன்னோடு பேசுவேன், தீபாவளிக்குப் புடவை எடுத்து வைப்பேன். ஆனால் மண் லாரி வருகிற அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அதை உன்னிடம் மறைக்கவில்லை. அஞ்சலைப் பெரியம்மாவும் மற்ற பெண்களும் பேசி முடித்துவிட்டோம். லாரி வந்தால் குடத்தோடு கிணற்றைச் சுற்றி உட்காருவோம். கத்த மாட்டோம், கல் எறிய மாட்டோம். நீ ஹெல்மெட்டோடு எதிரே நிற்பாய். என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம். என் பக்கம் வந்து உட்காரவும் வேண்டாம், உன் வேலையைப் பார். ஆனால் கையை அசைத்து லாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் கிணற்றடிக்கு வா. நாங்கள் வழி விடுவோம். வாளி கட்டித்தான் இருக்கும். ஒரு வாளி இறை. அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, பாழா இல்லையா என்று உன் வாயால் எல்லாருக்கும் சொல்.

அம்மா